துண்டு எங்கே சீக்கிரம் காயும்? சித்தூர்ப் பக்கத் தமிழ்ப் பள்ளிகளுக்கான தேடல் பாடங்கள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் மழை குறைந்த நிலம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் போனால் கடலைக்காடு, பனை, தென்னந்தோப்பு, கரிசல். இங்குள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் பாடநூல் கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. (மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம்) தயாரித்தது. பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழ். பயிற்சி வகுப்புகளும் செயல்தாள்களும் பெரும்பாலும் மலையாளத்தில் வந்து சேர்கின்றன. 1990களின் பின்பாதியில் செயல்வழிக் கற்றல் கேரளத்துக்கு வந்ததிலிருந்து, குழந்தை தானே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. எதைத் தேடச் சொல்வது, எந்தப் பாத்திரத்தில், எத்தனை மில்லி தண்ணீரில், எத்தனை நிமிடத்தில் என்பதைப் பள்ளிதான் தன் ஊருக்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு ஆசிரியர் தனியாக இதைச் சுமந்தால் இரண்டு பாடத்தில் களைத்துப்போவார். நாலு பேர் கூடிச் செய்தால் நிற்கும்.

கூடிச் செய்வது என்றால் கூடிப் பேசுவது அல்ல. பிள்ளைகள் செய்யப்போகும் சோதனையை, அதே பொருள்களை வைத்து, அதே அளவில், ஆசிரியர்கள் முதலில் தங்கள் கையால் செய்து முடித்திருக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட இது ஒன்றுதான் பாடத்தைக் காப்பாற்றுகிறது. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தின் உயிர்நாடியும் இதுதான். பயிற்சியில் ஆசிரியர்கள் சோதனைகளைத் தாங்களே செய்தார்கள். பிறகு மாதந்தோறும் கூடி, வகுப்பில் எங்கே தடுக்கியது என்று பேசினார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வியாக வரும். கேரளப் பள்ளிகளில் எஸ்.ஆர்.ஜி. எனப்படும் பள்ளி வளக்குழுக் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்தை மதிய உணவுக் கணக்கு, சுற்றறிக்கை, கலோத்சவ (கலைவிழா) ஏற்பாடு எல்லாம் தின்றுவிடுகின்றன. அலுவல் செய்திகளை வாட்ஸப் குழுவுக்கும் ஒரு பதிவேட்டுக்கும் மாற்றிவிட்டால், மாதத்தில் இரண்டு கூட்டமாவது பாடத்துக்குக் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் முதல் 10 நிமிடம் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டுவது, அடுத்த 35 நிமிடம் சோதனையைச் செய்வது, மிச்ச நேரத்தில் ஒரு பக்கத் திட்டம் எழுதுவது. பேச்சை முதலில் வைத்தால் சோதனைக்கு நேரமே இருக்காது. அறிவியல் டீச்சர் மட்டும் போதாது. அளவுகளுக்கும் வரைபடத்துக்கும் கணக்கு ஆசிரியர், பிள்ளைகள் எழுதுவதை வாசிக்கத் தமிழாசிரியர், கீழ்வகுப்பிலிருந்து ஒருவர் என்று நாலைந்து பேர் வேண்டும். தலைமையாசிரியர் செய்ய வேண்டியது, இரண்டு பீரியடைச் சேர்த்துக் கொடுப்பதும், சக ஆசிரியரின் பாடத்தைப் பார்க்கப்போகும் ஆசிரியரின் வகுப்புக்கு மாற்று ஏற்பாடு செய்வதும்தான்.

இனி ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று வறண்டு, பலமாக வீசும். ஆவியாதலைப் படிக்க இதைவிட நல்ல காலமும் இடமும் கிடைக்காது. "துணி ஏன் காய்கிறது?" என்று கேட்டால், பிள்ளைகள் பாடநூலில் உள்ள வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். "நம்ம பள்ளிக்கூடத்தில் ஈரத்துண்டு எந்த இடத்தில் சீக்கிரம் காயும்? வெயில் பெரிசா, காற்று பெரிசா?" என்று கேட்டால் சண்டையே வரும். அந்தச் சண்டைதான் வேண்டும்.

தேவை: ஒரு பருத்தித் துண்டை நான்காகக் கிழித்த துண்டங்கள், 1 கிராம் வரை காட்டும் சமையலறை எலெக்ட்ரானிக் தராசு, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு, துணி மாட்டும் கிளிப், கடிகாரம். நாலு இடம்: மின்விசிறி நிறுத்திய வகுப்பறை மூலை (நிழல், காற்றில்லை), கிழக்குத் தாழ்வாரம் (நிழல், காற்று), சுவர் மறைக்கும் முற்றத்து மூலை (வெயில், காற்றில்லை), மைதானத்துத் துணிக்கொடி (வெயில், காற்று). காய்ந்த துண்டத்தை எடைபோட்டு, ஒவ்வொன்றிலும் 50 மில்லி தண்ணீர் விட்டுப் பிசைந்து, மறுபடி எடைபோட்டு, விரித்து மாட்டி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும்.

தாளில் எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. ஆசிரியர்கள் செய்து பார்க்கும்போதுதான் கோளாறுகள் வரிசையாக வெளியே வரும். புதுத் துண்டில் கஞ்சி இருப்பதால் தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்துவிடும். இரண்டு தடவை துவைத்துக் காயவைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். வாளியில் முக்கிப் பிழிந்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு தண்ணீர் நிற்கும், சொட்டவும் செய்யும். சொட்டிப் போனதும் ஆவியாகிப் போனதும் தராசுக்கு ஒன்றுதான். அதனால்தான் சிரிஞ்சில் அளந்து 50 மில்லி. அந்த அளவு துணிக்குள்ளேயே நின்றுவிடும். தராசை மைதானத்துக்குக் கொண்டுபோனால் காற்று தட்டை அழுத்தி எண் ஆடிக்கொண்டே இருக்கும். தராசு வகுப்பறையில்தான் இருக்க வேண்டும், துணி அதனிடம் வர வேண்டும். இந்த வகைத் தராசு சும்மா விட்டால் தானாக அணைந்துவிடும். மறுபடி போடும்போது தட்டின் எடையைக் கழித்தது மறந்துபோயிருக்கும். தட்டின் எடையைத் தனியே எழுதிவைத்துக் கழிப்பது நல்லது. பிள்ளைகளுக்குக் கழித்தல் பயிற்சியும் ஆயிற்று. ஒரே தராசு என்றால் நாலு குழுவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு குழுவாகத் தொடங்கினால் வரிசை ஒழுங்காகும். மாற்று பேட்டரி கையில் இருக்க வேண்டும்.

வெயிலும் காற்றும் சேர்ந்த கொடியில் கால் மணிக்குள்ளேயே தண்ணீரில் பெரும்பகுதி போய்விடுகிறது. காற்று மிகப் பலமான நாளில் 5 நிமிட இடைவெளி நீளம். 4 நிமிடம் வைக்க வேண்டும். வகுப்பறை மூலைத் துண்டமோ அரைமணி கழித்தும் ஈரமாகவே இருக்கும். இந்த வேகம் தெரியாமல் வகுப்புக்குப் போனால் ஒரு குழுவுக்கு அளக்க ஒன்றுமிருக்காது, இன்னொரு குழுவுக்கு எடை மாறவே மாறாது. நிழலில் காற்றோடு இருந்ததும், வெயிலில் காற்றில்லாமல் இருந்ததும் நெருங்கி வரும். சில நாள் நிழல்துணியே முந்திக்கொள்ளும். வெயில்தான் ஜெயிக்கும் என்று அடித்துச் சொன்ன பிள்ளை அங்கே நின்று யோசிக்கிறது. இதே சோதனையை ஜூலை ஈரக்காற்றில் ஒருமுறை செய்து தாளைப் பத்திரமாக வைத்திருந்தால், ஜனவரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காற்றில் ஏற்கெனவே உள்ள ஈரம் என்ற மூன்றாவது காரணத்தைப் பிள்ளைகளே கேட்டு எடுப்பார்கள்.

ஆசிரியர்கள் செய்து பார்த்த முடிவைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. இது சொல்வதற்கு எளிது. முதலில் சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து ஆசிரியர் தலையசைத்தால், அந்த நொடியில் மற்ற மூன்று குழுவின் தேடல் முடிந்துபோகும். "அப்படியா, எப்படித் தெரிஞ்சுக்கலாம்?" என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லப் பழக வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். 3 நொடி காத்தாலே பதில்கள் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசும் என்பதும் அவர் கண்டதுதான். மனதுக்குள் மூன்று எண்ணுவது எல்லா ஆசிரியரும் நாளைக்கே தொடங்கக்கூடியது.

குழுவுக்கு நாலு பேர்: எடை பார்ப்பவர், நேரம் சொல்பவர், எழுதுபவர், துணி மாட்டிக் கொண்டுவருபவர். ஒவ்வொரு அளவுக்கும் வேலை மாற வேண்டும். மாற்றாவிட்டால் கையெழுத்து நன்றாக இருக்கும் பெண்பிள்ளை கடைசிவரை எழுதிக்கொண்டே இருப்பாள், தராசைத் தொடவே மாட்டாள். ஆறு பேர் குழுவில் இரண்டு பேருக்கு வேலையே இல்லை. நோட்டில் இடப்பக்கம் ஊகம், வலப்பக்கம் அளவு. ரப்பர் கிடையாது. ஊகம் தவறினால் அடித்து எழுதலாம், அழிக்கக் கூடாது. ஊகத்துக்கு ஆசிரியர் டிக் போட்டால் அடுத்த பாடத்தில் யாரும் துணிந்து ஊகிக்க மாட்டார்கள்.

80 நிமிட இரட்டைப் பீரியடில் கேள்விக்கும் ஊகத்துக்கும் 10, எதை மாற்றுவது எதை மாற்றாமல் வைப்பது என்று திட்டமிட 15, செய்ய 35, பேச 20 என்று போடுவோம். திட்டமிடும் அந்த 15 நிமிடத்தைத்தான் அவசரத்தில் வெட்டுகிறோம். வெட்டினால் ஒரு குழு துணியை மடித்துப்போடும், இன்னொன்று விரித்துப்போடும்; பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது. கடைசிப் பேச்சு மணியடித்துக் கரைந்துபோகிற நாளும் உண்டு. அப்போது ஓடிப்போய் முடிவைச் சொல்லிவிடக் கூடாது. அளவுகளைச் சார்ட்டில் ஒட்டிவைத்துவிட்டு, மறுநாள் முதல் பீரியடில் பேசலாம். ஒரு இரவு தாண்டினால் பேச்சு கெடுவதில்லை. வீட்டில் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகள் புதுக் காரணங்களோடு வருகிறார்கள்.

சக ஆசிரியர் வகுப்பில் வந்து உட்கார்வது பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போவது இங்கேதான். வகுப்பைப் பார்ப்பது என்றாலே இன்ஸ்பெக்ஷன் என்ற பயம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அதற்கு ஒரு வழி: வந்தவர் ஆசிரியரைப் பார்க்கவே கூடாது. ஒரு குழுவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாலு பிள்ளைகள் சொன்னதையும் செய்ததையும் மட்டும் நேரம் போட்டு எழுத வேண்டும். தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கேட்டதும் கண்டதும், வலப்பக்கம் தனக்குத் தோன்றிய கேள்வி. "நல்லா ஆர்வமா செஞ்சாங்க" என்று எழுதினால் அது பயன்படாது. "10.42, துணியைத் தொட்டுப் பார்த்துட்டு, 'காத்து குடிச்சிருச்சு'ன்னு ஒரு பையன் சொன்னான், யாரும் எழுதிக்கல" என்று எழுதினால் அதில் அடுத்த வகுப்பே இருக்கிறது. பார்க்க வந்தவரின் கை குழுவுக்கு உதவி செய்யத் துடிக்கும். பேனா கையில் இருந்தால் கொஞ்சம் அடங்கும்.

வகுப்பு முடிந்த அன்றே 20 நிமிடம் பேச வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் நினைவு மங்கி, பாராட்டு மட்டும்தான் மிஞ்சும். பாடம் நடத்தியவர் முதலில் பேசுவார். பிறகு வந்தவர்கள் எழுதியதை அப்படியே வாசிப்பார்கள். அறிவுரை முதல் 10 நிமிடத்துக்கு இல்லை. மூத்த ஆசிரியர் இருக்கும் இடத்தில் இளையவர் பேசாமல் இருப்பது நம் பழக்கம். அதனால் வாசிப்பதை இளையவரிடமிருந்து தொடங்குவது உதவுகிறது. தலைமையாசிரியரும் ஒருமுறையாவது தன் வகுப்பைத் திறந்து காட்டினால் மற்றவர்களின் தயக்கம் பாதி போய்விடும்.

இரண்டாவது பாடமாகச் செய்யத்தக்கது மண். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது சித்தூர் தாலுகாவில்தான்; கரிசலும் செம்மண்ணும் ஆற்றுமணலும் நம் பிள்ளைகள் நடந்து வரும் தூரத்திலேயே கிடைக்கின்றன. எந்த மண் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பது கேள்வி. ஒரு லிட்டர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் இரண்டு மடிப்புத் துணியை ரப்பர் பேண்டால் கட்டி, 200 கிராம் மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, கீழே வடிவதை அளக்க வேண்டும். தண்ணீர் 100 மில்லி என்று எழுதிவிட்டுப் போனால் கரிசலிலிருந்து ஒரு சொட்டுகூட வராமல் போகலாம். 200 மில்லி ஊற்றினால்தான் மூன்றையும் ஒப்பிட முடியும். மண்ணை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கட்டியை உடைத்து, மாவுச் சல்லடையில் சலித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டிகளுக்கு நடுவிலும் பாட்டில் ஓரத்திலும் தண்ணீர் ஓடிவிடும். கரிசல் தண்ணீரையே பிடிக்காது என்று முடிவு வரும். லேசாகத் தட்டி ஓரத்தை அமுக்கினால் போதும், இடித்துக் கெட்டிப்படுத்தக் கூடாது.

கரிசலில் தண்ணீர் மேலேயே குளமாக நிற்கும். "இந்த மண்ணு தண்ணிய உடவே மாட்டேங்குதுங்க டீச்சர்" என்பார்கள். இங்கே அருமையான ஒரு குழப்பம் இருக்கிறது: மண் பிடித்துவைத்த தண்ணீரும், இன்னும் உள்ளே இறங்காமல் மேலே நிற்கிற தண்ணீரும் ஒன்றா? ஆசிரியர்கள் தாங்களே செய்து பார்க்கும்போது இந்த இடத்தில் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதம் வந்த பள்ளியில் பாடம் நன்றாக நடக்கும். ஆவியாகாமல் மேலே தட்டால் மூடி, ஒரு இரவு விட்டு, காலையில் அளக்கச் சொல்லலாம். பிறகு ஈரமண்ணை எடைபோட்டால் பிடித்துவைத்தது எவ்வளவு என்பது நேரடியாகவே தெரிந்துவிடும். வடிந்ததும் பிடித்ததும் சேர்ந்து 200 மில்லிக்குப் பக்கத்தில் வருகிறதா என்று கணக்கு ஆசிரியர் பார்க்கச் சொல்வார். வராத குழுவுக்கு, தண்ணீர் எங்கே போயிற்று என்று தேட ஒரு புதுக் கேள்வி.

பிள்ளைகள் அளவை மாற்றி எழுதுவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. பக்கத்துக் குழுவின் எண்ணைப் பார்த்துத் தங்கள் எண்ணைத் திருத்திவிடுவார்கள். இது அவர்கள் குணக்கேடு அல்ல. ஒரே ஒரு சரியான எண் இருக்கிறது, அது டீச்சருக்குத் தெரியும் என்று நாம் பழக்கிவைத்ததன் விளைவு. எல்லாக் குழுவின் அளவையும் பெயர் போடாமல் ஒரே சார்ட்டில் புள்ளியாக வைத்து, "ஏன் இவ்வளவு சிதறியிருக்கு?" என்று கேட்டால், சிதறலே பாடப்பொருள் ஆகிவிடும். எல்லோரும் ஒன்றுபோல் எழுதிய நாளில்தான் ஆசிரியர் சந்தேகப்பட வேண்டும்.

முளைவிடும் பயறு, பாட்டில் மழைமானி போன்ற சிறிய தேடல்கள் கீழ்வகுப்புக்குப் பொருந்தும். பயறு என்றால் திங்கட்கிழமை ஊறவைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை தொடங்கினால் முளைத்ததைப் பார்க்க யாருமிருக்க மாட்டார்கள். ஒரு கிண்ணத்துக்கு 10 விதை, மாற்றிப் பார்க்கும் ஒவ்வொரு நிலைக்கும் 3 கிண்ணம்; ஒரே கிண்ணம் வைத்தால் எறும்பு தூக்கிப்போனதும் சோதனை முடிந்துவிடும். மழைமானியில் பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால், கூழாங்கல் போட்டு நேரான பகுதி வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து பூஜ்யம் வைக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். சனி ஞாயிறு மழையைத் திங்கட்கிழமை ஒரே எண்ணாக எழுதி, மூன்று நாள் மழை என்று குறிப்பது நேர்மையான வழி.

மொழி விஷயத்தில் ஒன்று. பிள்ளைகள் முதலில் தங்கள் பேச்சிலேயே எழுதட்டும். 'காத்து குடிச்சிருச்சு' என்று எழுதிய பிள்ளைக்கு ஆவியாதல் என்ற சொல் பேச்சின் முடிவில், தேவை வந்தபின் கிடைக்க வேண்டும். கூட்டத்தில் தமிழாசிரியர் ஒரு பாடத்துக்கு ஆறேழு கலைச்சொற்களை முடிவு செய்துவிட்டால், அறிவியல் வகுப்பில் ஒரு சொல், கணக்கு வகுப்பில் இன்னொரு சொல் என்று பிள்ளை திணறாது.

எந்த மாதத்தில் வைப்பது என்பதைக் காலண்டரைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஜூன் மாதம் சேர்க்கை, ஆறாம் வேலைநாள் மாணவர் கணக்கெடுப்பு என்று போய்விடும். ஓணத் தேர்வுக்கு முன் ஜூலையில் ஒன்று, விளையாட்டு விழாவும் சாஸ்திரமேளாவும் (அறிவியல் கண்காட்சி) ஓய்ந்தபின் நவம்பரில் ஒன்று, 4, 7-ஆம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வு நெருக்கத்துக்கு முன் ஜனவரி முதல் பாதியில் காற்றுப் பாடம். முதல் வருடம் மூன்று போதும். எல்லாப் பாடத்தையும் தேடல் பாடமாக்க முயன்ற பள்ளிகள் ஓணத்துக்குள் நிறுத்திவிடுகின்றன.

போர்ஷன் முடியவில்லை என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வகுப்பு பி.டி.ஏ.வில் (பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில்) விளக்கம் சொல்வதைவிட, பிள்ளையின் நோட்டைப் பெற்றோர் கையில் கொடுத்து, எடை குறைந்த வரைபடத்தை அந்தப் பிள்ளையே சொல்ல வைப்பது பலன் தருகிறது. அதே நோட்டைத் தொடர் மதிப்பீட்டுக்கும் வைத்துக்கொண்டால் தனியாக ரெக்கார்டு எழுதும் வேலை இல்லை.

கடைசியாக, இடமாற்றம். அரசுப் பள்ளியில் ஒரு வருடத்தில் இரண்டு பேர் மாறிப்போகலாம், தினக்கூலி ஆசிரியர் ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வருவார். எனவே ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் பொருள்கள், மூடியின் உட்புறம் ஒட்டிய ஒரு பக்கத் தாள். தாளில் கேள்வி, பொருள்களின் அளவு, ஆசிரியர்கள் செய்து பார்த்தபோது வந்த எண்கள், கெட்டுப்போன இடங்கள், பிள்ளைகள் சொன்ன நாலைந்து வாக்கியங்கள், எந்த மாதத்தில் செய்தது என்பவை இருக்க வேண்டும். வருடந்தோறும் வேறு நிற மையில் அதே தாளில் சேர்த்து எழுதலாம். பேட்டரியைக் கழற்றித்தான் தராசை உள்ளே வைக்க வேண்டும், இல்லையென்றால் விடுமுறையில் கசிந்து தராசே போய்விடும். டப்பா பூட்டிய லேப் அலமாரியில் இருந்தால் யாரும் எடுப்பதில்லை. ஸ்டாஃப் ரூமில், கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.